எங்கள் அகத்தில் படகு பார்த்த படலம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன். அடுப்பில் பால் பொங்கும். மூடி வைத்துவிடுவேன். பத்தாவதைத் தாண்டாதவள் எழுதுவதை யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள் என்பது ஒரு தயக்கம். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் குடியிருந்துகொண்டு, ஏகாதசி தவறாமல் விரதம் இருக்கும் ஒரு மாமி, ரப்பர் சட்டை மாட்டி, முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு மாலத்தீவுக் கடலுக்குள் இறங்கினாள் என்று எழுதினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது இன்னொரு தயக்கம். அந்த நாலு பேரும் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள் என்று தெரிந்தபோது இரண்டாவது தயக்கம் போய்விட்டது. முதலாவது இன்னும் இருக்கிறது. பெருமாள் மேல் பாரத்தைப் போட்டு ஆரம்பிக்கிறேன்.

எங்களுக்கு ஒரே பெண். மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே போன கொஞ்ச நாளிலேயே, கடலுக்குள் மூழ்கி மீனெல்லாம் பார்த்துவிட்டு வரும் ஸ்கூபா வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டாள். எங்களிடம் சொன்னால் அவள் அப்பா அன்று சாப்பிட மாட்டார் என்று ரொம்ப நாள் சொல்லாமல் இருந்தாள். அவருக்குத் தண்ணீர் வாளியில் இருந்தால்தான் பிடிக்கும். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்போடு இரும்பாக வேலை பார்த்து ரிடையர் ஆனவர். இரும்பு முழுகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு புரட்டாசியில் பெண் போன் பண்ணினாள். கம்பெனியில் அவளைக் கனடாவுக்கு மாற்றுகிறார்களாம். வருகிற ஆடியில் போக வேண்டுமாம்.

"அங்க போயிட்டா வருஷத்துக்கு ஒரு தடவை வரதே கஷ்டம்மா. அதுக்கு முன்னாடி நீயும் நானும் மட்டும் ஒரு வாரம் எங்கயாவது போலாம். எங்க போகணும்னு சொல்லு. பத்ரியா, காசியா?"

"நீ போற எடத்துக்கு என்னை அழைச்சுண்டு போ."

"நான் எங்க போறேன்?"

"கடலுக்குள்ள."

"அம்மா, சிக்னல் சரியில்லேன்னு நினைக்கறேன். மறுபடி சொல்லு" என்றாள்.

மறுபடி சொன்னேன்.

எனக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாமே ஸ்ரீரங்கம். பெருமாள் பாற்கடலில் பாம்பின் மேல் படுத்திருக்கிறார் என்று நினைவு தெரிந்த நாளாகக் கேட்டு வருகிறேன். சந்நிதியில் சேவிக்கவும் செய்கிறேன். ஆனால் உள்ளே இருக்கும் இருட்டுக்குக் கண் பழகுவதற்குள் "நகருங்கோ, நகருங்கோ" என்று குரல் வந்துவிடும். திருமுகத்தைப் பார்த்த அன்றைக்குத் திருவடி விட்டுப்போகும். திருவடியைப் பார்த்தால் திருமுகம் விட்டுப்போகும். இப்படியே தவணையாகத்தான் பெருமாளைச் சேவித்து வந்திருக்கிறேன். ஒரு நாள் பெண் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். கடலுக்கு அடியில் அவளே எடுத்தது. நீலமாக ஒரு வெளிச்சம். மீன்கள் தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. யாரும் யாரையும் தள்ளவில்லை. அரிசி களைந்துகொண்டே அதைப் பார்த்தேன். இத்தனை உலகம் இருக்க, பெருமாள் ஏன் கடலைத் தேடிப் போய்ப் படுத்தார் என்று அன்றைக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். என்னை அங்கே அழைத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்க உலகத்தில் என் பெண் ஒருத்தியால்தான் முடியும். அவளோ ஆடியில் கண்காணாத தேசத்துக்குப் போகிறாள். என் கவலை இவ்வளவுதான்.

பெண் சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள். மாலத்தீவில் இதற்கென்றே படகுகள் இருக்கின்றனவாம். ஒரு வாரம் கரைக்கே வர வேண்டாம். படகிலேயே தூங்கி, படகிலேயே சாப்பிட்டு, தினமும் மூன்று நாலு முறை கடலில் குதித்துப் பார்த்துவிட்டு மேலே ஏறிக்கொள்வது. நம்பகமானவை என்று இரண்டு படகுகளைப் பொறுக்கி, "நீயே பாத்து எதுன்னு முடிவு பண்ணும்மா" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். இரண்டின் விவரத்தையும் எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டாள். அந்தக் குரூப்பில் என் ஆத்துக்காரரும் இருக்கிறார், என் தம்பியும் இருக்கிறான். அன்றைக்கே அது என் படகு இல்லை என்று ஆகிவிட்டது.

என் தம்பி பேங்கில் ஆபீசராக இருந்து, காலத்துக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டவன். மன்னார்புரத்தில் பிளாட். அதற்குப் பிறகு தினம் சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். பெண் பார்க்கும் வீட்டில் நடக்கும் எல்லாம் நடந்தது. படகு எந்த வருஷம் கட்டியது, முதல் முதலில் தண்ணீரில் இறக்கிய தேதியும் நேரமும் என்ன என்று இரண்டு படகுக்காரர்களுக்கும் ஈமெயில் போட்டான். "அதுதானே அக்கா அதோட ஜனன காலம்? நட்சத்திரம் பாத்துடலாமோல்லியோ" என்றான். அவர்கள் எஞ்சின் விவரத்தை அனுப்பி வைத்தார்கள்.

குரூப்பில் வந்த விளம்பரப் புத்தகத்தை நானும் போனில் பார்த்தேன். இரண்டு படகுகளும் நேரே சொர்க்கத்துக்குப் போவதாகத்தான் போட்டிருந்தது. எங்கள் ஊரில் பரமபத வாசல் வைகுண்ட ஏகாதசிக்குத்தான் திறக்கும். அதற்கும் மூங்கில் கட்டி, விடிய விடிய வரிசையில் நிறுத்தி, கசக்கிப் பிழிந்துதான் உள்ளே விடுவார்கள். அங்கே சனிக்கிழமைதோறும் புறப்பாடாம். காலை டிபனும் உண்டாம். படங்களில் இருந்தவர்கள் எல்லாரும் சின்ன வயசுக்காரர்கள். பல் அத்தனையும் தெரியச் சிரித்தார்கள். உடம்பில் துணி என்று சொல்லும்படி அதிகம் இல்லை. என் வயசில் ஒருத்தியாவது எங்கேயாவது நிற்கிறாளா என்று விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன். ஒரு படத்தின் ஓரத்தில் நரைத்த தலை ஒன்று தெரிந்தது. பார்த்தால் அவர்தான் படகின் கேப்டன்.

ஒன்று பெரிய படகு. மூன்று மாடி. நிறையப் பேர் போவார்கள். மேல் மாடியில் வெந்நீர்த் தொட்டி. சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு எதற்குத் தொட்டி என்று யாரும் கேட்கவில்லை. இன்னொன்று மரத்தால் செய்த சின்னப் படகு. பத்துப் பேருக்குள்தான். சமையலுக்கு ஒரே ஆள்.

"மடியா இருக்குமா?" என்றார் என் ஆத்துக்காரர். "மீன் வறுத்த கரண்டியாலயே சாத்தமுதும் கிளறுவானோ என்னமோ."

"அத்திம்பேர், அங்க சாத்தமுதே கிடையாது. ரசம்னா என்னன்னே அவாளுக்குத் தெரியாது" என்றான் தம்பி.

"அப்பறம் எந்தக் கரண்டியால கிளறினா எனக்கென்ன?"

இந்த லட்சணத்தில் கரண்டி விஷயமே ஒரு வாரம் ஓடியது. அடுத்தது படுக்கை. வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாதே. அறையின் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"படகு நங்கூரத்துல கட்டியிருந்தாலும் காத்துக்குத் திரும்பிண்டே இருக்குமாம் அத்திம்பேர். அக்கா தலை ராத்திரி எந்தத் திக்குல இருக்குன்னு யார் கண்டா?"

"அது திரும்பறச்ச இவளும் எழுந்து திரும்பிப் படுத்துக்கட்டும்."

இதெல்லாம் முன்னுரை. நிஜமான சண்டை பூனைக்கும் குரங்குக்கும் வந்தது.

எங்களவர்கள் இல்லாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஐயங்கார்களில் தென்கலை, வடகலை என்று இரண்டு பிரிவு. பகவான் நம்மை எப்படிக் காப்பாற்றுகிறார் என்பதில் பல நூறு வருஷமாக வாதம். தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகும், குட்டி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அதுபோலத்தான் என்பார்கள் தென்கலையார். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுபோல நம் முயற்சியும் வேண்டும் என்பார்கள் வடகலையார். நான் பிறந்தது வடகலை, வாழ்க்கைப்பட்டது தென்கலை. கல்யாணத்தின்போதே இந்த வாதம் சாப்பாட்டுப் பந்தியில் ஓடி, பாயசம் ஆறிப்போனது.

பெரிய படகில் என்னைப் போல ஒன்றும் தெரியாதவர்களுக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. பயிற்சியாளர் ஒருவர் பின்னாலேயே வந்து, முதுகில் இருக்கும் உருளையைப் பிடித்துக்கொண்டே ஆழமில்லாத இடத்தில் சுற்றிக் காட்டுவார். நாம் மூச்சு விட்டால் போதும். சின்னப் படகில் அந்தப் பேச்சே கிடையாது. நீந்தத் தெரிய வேண்டும், பாடம் படிக்க வேண்டும், நீச்சல் குளத்தில் பழகித் தேறிய பிறகுதான் ஏற வேண்டும்.

"இதுல யோசிக்க என்னடா இருக்கு? பெரிய படகுதான்" என்றார் என் ஆத்துக்காரர். "பூனை கவ்விண்டு போறாப்ல அழைச்சுண்டு போறான். குட்டி கண்ணை மூடிண்டா போறும். சரணாகதின்னா அதான்."

"அதெப்படி? கெட்டியாப் பிடிச்சுக்கத் தெரியாத குட்டியை மரத்து மேல ஏத்தலாமோ? நம்ம பக்கத்துலயும் ஒரு முயற்சி வேண்டாமா?"

"பகவான் கையை விடுவாரோ?"

"பகவான் விடமாட்டார் அத்திம்பேர். சம்பளத்துக்கு வந்தவன் விட்டுடுவான்."

எங்கள் ஆட்கள் கோயில் யானையின் நெற்றிக்கு எந்த நாமம் போடுவது என்று கோர்ட் வரை போனவர்கள். கையில் ஒரு படகு கிடைத்தால் விடுவார்களா? ஐப்பசி முழுக்க இது நடந்தது. காபி நான்தான் போட்டேன். பகவானுக்கு நாங்கள் எப்படியோ, அந்தக் கூடத்தில் இரண்டு பேருமே என்னைக் குட்டி என்றுதான் சொன்னார்கள். குட்டியை ஒரு வார்த்தை கேட்போம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

நான் ஒரு காரியம் செய்தேன். பூனையோ குரங்கோ, தண்ணீர் தண்ணீர்தானே என்று நீச்சல் கற்றுக்கொள்ளப் போனேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, டவுனில் ஒரு நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று விட்டிருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருவேன். கற்றுக்கொடுத்தவள் எடமலைப்பட்டி புதூர்ப் பெண். கழுத்தில் விசில் தொங்கும். "மாமி, காவேரிக்கரையில இருந்துட்டு நீச்சல் தெரியாதுங்கறீங்களே!" என்று சிரித்தாள். காவேரியில் எத்தனையோ முழுக்குப் போட்டிருக்கிறேன். அம்மா மண்டபத்தில் ஒரு கையால் படியையும் ஒரு கையால் மூக்கையும் பிடித்துக்கொண்டு போடுவதுதான் எங்கள் முழுக்கு. குளத்தில் அவள் இரண்டு கையையும் விடச் சொன்னாள். "தலையை உள்ள விடுங்க மாமி. தண்ணி உங்களை ஒண்ணும் பண்ணாது, நீங்கதான் தண்ணியை அடிக்கிறீங்க" என்பாள். கார்த்திகை பிறக்கும்போது குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வந்துவிட்டது. போகிற வேகத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது.

கூடத்தில் அதற்குள் தேதிக்கு வந்திருந்தார்கள். எந்தப் படகு என்பது நிற்கட்டும், எந்த வாரம் என்று முதலில் பார்க்கலாம் என்றான் தம்பி. இதில் இரண்டு பேரும் அதிசயமாக ஒரே கட்சி. பெருமாள் உற்சவத்தின்போது ஊரை விட்டுப் போகக் கூடாது. நல்ல பேச்சுதான். ஆனால் ஸ்ரீரங்கத்தில் உற்சவம் இல்லாத மாதம் ஏது? மார்கழியில் பகல்பத்து, ராப்பத்து. தையில் தேர். மாசியில் தெப்பம். பங்குனியில் தாயாரோடு சேர்த்தி. சித்திரையில் பெரிய தேர். வைகாசியில் வசந்த உற்சவம். நடுவில் ஒரு வாரம் அகப்பட்டால் அதில் அமாவாசை வந்து உட்கார்ந்திருக்கும். அமாவாசை இல்லாவிட்டால் என் மாமனார் திதி. திதியன்று யார் தளிகை பண்ணுவது? பஞ்சாங்கத்தில் தள்ளுபடியான வாரங்களில் பாதி பெருமாளுக்காகத் தள்ளுபடியானவை. மீதி அடுப்புக்காக.

கடைசியில் ஆனி மாத முடிவில், ஜேஷ்டாபிஷேகம் முடிந்து ஆடி பிறப்பதற்குள், ஒரு வாரம் காலியாகக் கிடந்தது. பெண் கனடா போவதற்கும் முந்திய வாரம். இரண்டு பேருக்கும் பரம சந்தோஷம். "பாத்தியா, பெருமாளே நமக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கார்" என்றார் என் ஆத்துக்காரர். அந்த வாரம் ஏன் காலியாக இருக்கிறது என்று பெருமாளைத் தவிர யாருக்கும் தெரியாது.

டிக்கெட் விசாரிக்க நானும் அவரும் பாலக்கரைக்குப் போனோம். அங்கே ஒரு பாய் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். உம்ராவுக்கும் வளைகுடா வேலைக்கும் போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பவர். என் பெண் முதல் முதலில் மஸ்கட் போனதும் அவர் போட்டுக்கொடுத்த டிக்கெட்டில்தான். அவருடைய மச்சான் மாலேயில் ஹோட்டல் வைத்திருக்கிறாராம்.

"ஜூலையிலயா?" என்றார் பாய். "எதுக்கும் நம்ம மச்சானைக் கேட்டுருவோம் சார்." அங்கேயே போன் போட்டார். கொஞ்ச நேரம் "ம்... ம்..." என்று கேட்டுவிட்டு வைத்தார்.

"சின்னப் படகு அந்த மாசம் ஓடாதாம். கரையில ஏத்தி வச்சு அடியில பெயிண்ட் அடிப்பாங்களாம். வருசா வருசம் அப்பத்தான் அடிக்கிறது."

"பெரிய படகு?" என்றார் இவர், ஆசையாக.

"அது ஓடும் சார். ஆனா காத்தும் மழையுமா இருக்குமாம். அம்மா கடலுக்குள்ள இறங்கணும்னு அவசியமே இல்லை, கடலே மேல ஏறி வந்துரும்கறாரு."

இவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஒவ்வொரு வாரமாகக் கழித்துக் கழித்து, படகுக்காரனே வேண்டாம் என்று கழித்த வாரத்தில் கொண்டுபோய் என்னை நிறுத்தியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கணக்கில் போனால் பெண் கனடா போய்விடுவாள், நான் கூடத்தில் காபி போட்டுக்கொண்டே இருப்பேன்.

பாய் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, டிக்கெட் போடுகிறவர் யாரும் கேட்பதைத்தான் கேட்டார். "யார் யாரும்மா போறீங்க?"

"நானும் என் பெண்ணும்" என்றேன். சொன்னதும்தான் எனக்கே உறைத்தது. கரண்டி பார்த்தோம், திக்குப் பார்த்தோம், நட்சத்திரம் கேட்டோம். நானும் அவளும் சேர்ந்து போகிறோம் என்பதை வைத்து யாரும் படகைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பெண்ணுக்குப் போன் பண்ணினேன்.

"ஏண்டி, தண்ணிக்குள்ள போறச்ச நீ எம் பக்கத்துல இருப்பியா?"

"பெரிய படகுன்னா கஷ்டம்மா. உன்னை டிரெயினர் கரையோரமா அழைச்சுண்டு போவார். என்னை மத்தவாளோட ஆழத்துக்கு அனுப்பிடுவா. சாயங்காலம் படகுல பாத்துக்கலாம்."

"சின்னதுல?"

"நீ பாஸ் பண்ணிட்டேன்னா ரெண்டு பேரையும் ஜோடியாவே இறக்குவா. அங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஜோடி உண்டு. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கணும், விட்டுட்டுப் போகக் கூடாது."

"அப்ப சின்னதுதான்" என்றேன். "மாசியில எடம் இருக்கான்னு கேளு. நீச்சல் வந்துடுத்து. மத்தது உங்க ஊர்ல வந்து படிச்சுக்கறேன்."

அன்று சாயங்காலம் தம்பியும் வந்த பிறகு கூடத்தில் விஷயத்தைச் சொன்னேன். என் ஆத்துக்காரர் பதறிப்போனார்.

"மாசியிலயா? மாசியில தெப்பமாச்சேடி!"

"தெப்பம்தானே? பெருமாளே மாசியில படகு ஏறித் தண்ணிக்கு நடுவுல போறார். அவர் ஏறற மாசம் நேக்கு ஆகாதா?"

அவர் என் தம்பியைப் பார்த்தார். தம்பி அவரைப் பார்த்தான். தம்பி பஞ்சாங்கத்தை எடுத்து மாசியைப் புரட்டினான்.

"அது... நாம கரையிலேர்ந்து சேவிக்கறதுன்னா" என்று இழுத்தார் அவர்.

"கல்யாணம் ஆன நாளா கரையிலேர்ந்துதான் சேவிச்சுண்டிருக்கேன்."

அவர் எழுந்து உள்ளே போனார். கோபமோ என்று நினைத்தேன். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பிக்குத்தான் நிலைகொள்ளவில்லை. குரங்குதான் ஜெயித்தது என்று மன்னார்புரம் வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போயிருப்பான்.

தெப்பம் சேவித்துவிட்டு அடுத்த நாள் புறப்பட்டேன். திருச்சியிலிருந்து மஸ்கட். அங்கே பெண் தான் கற்றுக்கொண்ட இடத்திலேயே என்னையும் சேர்த்துவிட்டாள். முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லக் காற்றைத் தள்ளுவது, எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். தண்ணீருக்குள் பேச முடியாது. அதனால் கை ஜாடை. சரி, சரியில்லை, மேலே போகலாம், காற்று குறைகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாடை. எல்லாவற்றையும் திருவாராதன பூஜைக்கு முத்திரை கற்றுக்கொள்கிற சிரத்தையோடு கற்றுக்கொண்டேன். முதல் தரம் தவறி, இரண்டாம் தரம் தேறினேன்.

பிறகு மாலத்தீவு. படகு அழகாக இருந்தது. ஒரு வாரம் விசாரணை நடந்த தளிகை விஷயம் ஒன்றுமே இல்லாமல் போனது. சமையல்காரர் கேரளத்துக்காரர். எனக்கென்று தனிப் பாத்திரத்தில் சாதமும் பருப்பும் வைத்துக் கொடுத்தார். நான் கொண்டுபோன புளிக்காய்ச்சலை முதல் நாள் சந்தேகமாக முகர்ந்து பார்த்தவர், மூன்றாம் நாள் பாட்டிலோடு காலி பண்ணிவிட்டார். படுத்த திக்கு எதுவென்று எனக்கு நினைவில்லை. படுத்ததும் தூங்கிவிட்டேன்.

ரப்பர் சட்டையைப் பற்றி அதிகம் எழுதவில்லை. தலையணைக்கு ஒரு சைஸ் சின்ன உறை போட்டிருக்கிறீர்களா? என் பெண்ணும் ஒரு ஜெர்மன்காரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னை அதற்குள் திணித்தார்கள். நெற்றியில் சிவப்பு ஸ்ரீசூர்ணக் கோட்டைக் கலைக்காமல் முகமூடியை மாட்டினாள் என் பெண். திருமாங்கல்யத்தை உள்ளே தள்ளிவிட்டாள். "பயமா இருக்காம்மா?" என்றாள். இருந்தது. "இல்லை" என்றேன். பெரிய அடியாக ஓர் அடி எடுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். படகு போய்விட்டது.

கீழே போகப் போக என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அதற்கு முன் என் மூச்சை நான் கேட்டதே இல்லை. முன்னால் படகின் பயிற்சியாளர், மாலத்தீவுக்காரர். பக்கத்தில் என் பெண். அவள் கையை நான் பிடித்திருந்தேனா, அவள் என்னைப் பிடித்திருந்தாளா என்று கேட்டால் தெரியாது. பவளப் பாறை ஒன்றின் ஓரத்தில் வெள்ளை மணல். பாறை ஒரு கூரை போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் ஒரு பெரிய சுறா மணலில் படுத்திருந்தது. யாரையும் கடிக்காத ஜாதியாம். தூங்கிக்கொண்டிருந்தது. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், நீளமாக, நிம்மதியாக. மேலேயிருந்து வெயில் இறங்கி அதன் முதுகில் அசைந்துகொண்டிருந்தது.

என் இரண்டு கையும் தானாகக் குவிந்துவிட்டன.

கற்றுக்கொடுத்த ஜாடைகளில் கும்பிடு கிடையாது. பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தார். வயசான பெண்மணி ஒருத்தி கண்ணில் நீரோடு கையெடுத்துக் கும்பிட்டால் அவர் என்னவென்று நினைப்பார்? என்னை விட்டுவிடுங்கள், போதும் என்று கெஞ்சுவதாக நினைத்துவிட்டார். வேகமாக வந்து என் தோள் பட்டையைப் பிடித்து, மேலே போகலாம் என்று கட்டை விரலைக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன். நம் ஊரில் தலையாட்டினால் வேற்று ஊர்க்காரர்களுக்கு ஆமாமா, இல்லையா என்று தெரியாதே. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். என் கால் மணலை விட்டுக் கிளம்பிவிட்டது. பார்த்தது போதும் என்று ஆகிவிட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது.

அப்போது என் பெண் நடுவில் வந்தாள். அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அவரிடம் திரும்பி, சரியாக இருக்கிறாள், எல்லாம் சரி என்று ஜாடை காட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அவளும் கையைக் குவித்து, அந்தப் படுத்திருப்பதைக் காட்டினாள். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, கையை எடுத்துவிட்டார். கொஞ்சம் தள்ளிப் போய்க் காத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் மணலில் மண்டியிட்டு உட்கார்ந்தோம். தலையிலிருந்து வால் வரைக்கும் பார்த்தேன். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். காற்று குறைகிறது என்று அவள் என் காற்று மானியைத் தொட்டுக் காட்டும் வரை பார்த்தேன்.

சொன்னபடி அந்த ஆடியிலேயே அவள் கனடா போய்விட்டாள். இப்போது அங்கே பனி பெய்கிறதாம். வீடியோவில் காட்டுகிறாள்.

ஊருக்கு வந்த பிறகு இந்த விஷயம் என் கையை விட்டுப் போய்விட்டது. பயிற்சியாளர் தோளைப் பிடித்துக்கொண்டே கூட்டிப்போனதாக என் ஆத்துக்காரர் கோயில் வாசலில் சொல்லி வருகிறார். நான் தன்னந்தனியாகக் கடலைக் கடந்ததாக என் தம்பி மன்னார்புரத்தில் சொல்கிறான். எங்கள் வீதியிலோ, மாமிக்குக் கடலுக்கு அடியில் பெருமாள் சேஷசயனத்தில் சேவை சாதித்தார் என்றே ஆகிவிட்டது. போன மாதம் உறையூரிலிருந்து ஒரு அம்மாள் வந்து, என் காலில் விழுந்து, எத்தனை தலைப் பாம்பு என்று கேட்டாள்.

நான் பார்த்தது ஒரு மீன். அது தூங்கிக்கொண்டிருந்தது. நான் கும்பிட்டேன். என்னை மேலே கொண்டுபோகப் பார்த்தார்கள். என் பெண் தடுத்தாள். நடந்தது இவ்வளவுதான், இதில் பொய் இல்லை. இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தால் தாராளமாகச் சொல்லுங்கள். பாம்பைச் சேர்க்காதீர்கள். என்னைப் பெரிய பக்தையாக்காதீர்கள். இந்த ஊரில் சொல்லிக்கொண்டிருக்கும் கதை ஒன்றிலும் என் பெண் இல்லை. நீங்கள் சொல்லும்போது அவளை விட்டுவிடாமல், நான் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.